டிக் எண்ணி எடிட்டரை அளக்க முடியாது

புரோகிராம் எழுதக் கற்கும் பிள்ளைகளிடம் இன்று ஒரு முடிவு ஆழமாக வேரூன்றிவிட்டது. எடிட்டர் என்றால் விஎஸ் கோடுதான். காரணம் கேட்டால் ஓர் அட்டவணையைக் காட்டுவார்கள். இடப்பக்கம் வசதிகளின் பெயர் வரிசையாக இருக்கும்: ஆட்டோ கம்ப்ளீட், ரெகெக்ஸ் தேடல், காலம் செலக்‌ஷன், பல கர்சர், டீபக்கர், எக்ஸ்டென்ஷன், ஏஐ உதவி. மேலே எடிட்டர்களின் பெயர்கள். கட்டத்துக்குக் கட்டம் டிக். அதிக டிக் வாங்கியது வென்றது, மற்றவை தாத்தா காலத்துச் சாமான். இருக்கன்குடியிலிருந்து சாத்தூருக்கும் சிவகாசிக்கும் பஸ் ஏறிப் போய்ப் படிக்கிற மாணவர்களும் இதையே சொல்கிறார்கள், அவர்களுக்குச் சொல்லித்தருகிறவர்களும் இதையே சொல்கிறார்கள். "எல்லாம் ஒரே எடிட்டர்ல இருக்கும்போது வேற எதுக்குண்ணே?" என்று ஒரு தம்பி கேட்டால், கேள்வி நியாயமாகத்தான் படும்.

அந்த முடிவு தவறு. விஎஸ் கோடு மோசமான எடிட்டர் என்பது என் கட்சி இல்லை. 2015 ஏப்ரலில் மைக்ரோசாஃப்ட் அதை அறிமுகப்படுத்தியதிலிருந்து அது புரோகிராமர்களுக்குச் செய்திருக்கும் நன்மை பெரிது, அதை மறுக்கிறவன் கண்ணை மூடிக்கொண்டவன். தவறு அளவுகோலில் இருக்கிறது. ஒரு வசதி 'இருக்கிறது' என்று மட்டும்தான் டிக் சொல்லும். என் வேலையை, என் மொழியில், என் கையில் உள்ள மெஷினில் அது செய்து முடிக்குமா, ஐந்து வருடம் கழித்தும் இருக்குமா என்ற கேள்விகளுக்கு டிக்கிடம் பதில் இல்லை. எடிட்டரைத் தேர்ந்தெடுக்க உதவுகிறவை அந்தக் கேள்விகள்தான்.

பட்டாசு கிஃப்ட் பாக்ஸ் வாங்குகிற வெளியூர்க்காரர் மேலே அச்சடித்திருக்கும் அயிட்டம் எண்ணிக்கையைப் பார்ப்பார், சிவகாசிக்காரர் பிரித்து உள்ளே என்ன சரக்கு என்று பார்ப்பார். எடிட்டரையும் அப்படிப் பிரித்துப் பார்க்கலாம். அதற்கு நம் வட்டாரத்து வேலை ஒன்றையே எடுத்துக்கொள்கிறேன்: பட்டாசு விலைப்பட்டியல்.

இணையவழியாகப் பட்டாசு விற்க 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தடை விதித்தது. விலைப்பட்டியலைப் போட்டு, வேண்டியதைக் குறித்து எஸ்டிமேட் கேட்கிற தளங்களுக்கு மட்டும் இங்கே இன்றும் குறைவில்லை. சீசனுக்குச் சீசன் ரேட் மாறும். பட்டியலில் சரவெடி, குருவி வெடி, தரைச்சக்கரம், புஸ்வாணம், கம்பி மத்தாப்பு, ராக்கெட், ரோல் கேப் என்று நூற்றுக்கணக்கான வரிகள். வரிக்கு ஒரு பெயர், ஒரு காற்புள்ளி, பாக்ஸில் எத்தனை பீஸ், இன்னொரு காற்புள்ளி, விலை. நம் பக்கத்துப் பையன் ஒருவனுக்கு முதல் சம்பளம் வாங்கித்தருகிற வேலை பெரும்பாலும் இதைப் போன்றதாகத்தான் இருக்கும்.

முதலில் ரெகெக்ஸ் தேடல் என்ற வரிசை. எல்லா எடிட்டருக்கும் அங்கே டிக் உண்டு. பெயர்களை மட்டும் தேடிப் பிடிக்க வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். சொல்லுக்குள் வரும் எழுத்தைக் குறிக்க எல்லாரும் கற்றுக்கொள்வது பின்சாய்கோடும் டபிள்யூவும். விஎஸ் கோடில் ஒரு கோப்பைத் திறந்து வைத்துக்கொண்டு இதைக் கொடுத்துத் தேடினால் எண்கள் மட்டும் பிடிபடும். தமிழ்ப் பெயர் ஒன்றும் சிக்காது. அந்தத் தேடல் ஜாவாஸ்கிரிப்ட் ரெகெக்ஸில் ஓடுகிறது, அதன் கணக்கில் டபிள்யூ என்பது ஆங்கில எழுத்து, எண், அடிக்கோடு மட்டுமே. அதே எடிட்டரில், திறக்காமல் கிடக்கும் கோப்புகள் அடங்கிய ஃபோல்டர் முழுக்க அதே கோவையைத் தேடுங்கள். இப்போது தமிழ்ப் பெயர்கள் வந்து நிற்கும். ஃபோல்டர் தேடலுக்குப் பின்னால் ஓடுவது ரிப்கிரெப் என்ற வேறொரு கருவி. அது யூனிகோடு தெரிந்தது.

ஒரே எடிட்டர், ஒரே கோவை, இரண்டு விடை. இதே கோவையைப் பைத்தானின் வழக்கமான ரெகெக்ஸ் நூலகத்தில் எழுதினால் மூன்றாவது விடை வரும். அது உயிர்க்குறிகளை எழுத்தாகவே எண்ணுவதில்லை. 'வெடி' என்ற சொல் அதன் கையில் 'வ' ஒன்றாகவும் 'ட' ஒன்றாகவும் உடைந்துபோகும். விம் எடிட்டரிலும் டபிள்யூ ஆங்கிலத்தோடு நின்றுவிடும், ஆனால் அங்கே கே என்ற வேறொரு குறி தமிழையும் சொல்லெழுத்தாக எடுத்துக்கொள்ளும். அட்டவணையில் இவை எல்லாமே ஒரே டிக். வேலை செய்கிறவனுக்கு இந்த வேற்றுமை தெரியாவிட்டால் பாதிப் பட்டியலில் ரேட் மாறியிருக்கும், மீதிப் பாதி போன வருட ரேட்டிலேயே தளத்தில் ஏறும். கடைக்காரருக்கு அது பண நஷ்டம்.

தேடலில் இன்னும் ஆழமான சிக்கல் ஒன்று உண்டு. 'ரோல் கேப்' என்பதன் முதல் எழுத்தை யூனிகோடில் இரண்டு விதமாகச் சேமிக்க முடியும். ரகரத்தோடு ஓகாரக் குறியை ஒரே குறியீடாக வைக்கலாம், அல்லது இரட்டைக்கொம்பு ஒன்றாகவும் கால் ஒன்றாகவும் இரண்டு குறியீடுகளாக வைக்கலாம். திரையில் இரண்டும் அச்சு அசலாக ஒன்றுபோலவே தெரியும். குறியீட்டுக்குக் குறியீடு ஒப்பிட்டுத் தேடுகிற எடிட்டருக்கு அவை வேறு வேறு. சிவகாசி அச்சகங்களில் ஆண்டுக்கணக்காகச் சேர்ந்த மேட்டர் பழைய எழுத்துருக்களில் கிடக்கிறது. அதை யூனிகோடுக்கு மாற்றும்போது மாற்றியைப் பொறுத்து இந்த வடிவமும் வரலாம், அந்த வடிவமும் வரலாம். கண்ணுக்கு முன்னால் ரோல் கேப் இருக்கும், 'இல்லை' என்று எடிட்டர் சொல்லும். கர்சருக்குக் கீழே உள்ள குறியீட்டின் எண்ணைக் காட்டுகிற வசதி இருந்தால் நொடியில் புதிர் அவிழும். விம்மில் ஜியும் ஏயும் அடுத்தடுத்துத் தட்டினால், கர்சர் நிற்கிற எழுத்தின் குறியீட்டு மதிப்புகள் கீழே வந்துவிடும். ஈமேக்ஸ் எடிட்டரில் ஒரு கட்டளை கொடுத்தால் அந்தக் குறியீட்டின் யூனிகோடு பெயர் உட்பட முழு விவரமும் வந்து நிற்கும். தமிழோடு புழங்குகிறவனுக்கு இதைவிடப் பெரிய வசதி ஏது? மாணவர்கள் கையில் சுற்றும் ஒப்பீடுகளில் இதற்கு ஒரு வரிசை போட்டு நான் பார்த்ததில்லை.

அடுத்தது காலம் செலக்‌ஷன். விலைகளை மட்டும் நெடுக்காகத் தேர்ந்து ஒரே அடியில் மாற்றுவது கேட்க எளிது. இந்த வசதி, ஒவ்வொரு எழுத்தும் ஒரே அகலம் என்ற நம்பிக்கையின்மேல் கட்டப்பட்டது. புஸ்வாணம் நமக்கு 5 எழுத்து, கோப்பில் 9 குறியீடு. சரவெடி 4 எழுத்து, கோப்பில் 6 குறியீடு. திரையில் அவை பிடிக்கும் அகலம் இந்த இரண்டு கணக்குக்கும் கட்டுப்படாது. ணகரத்தின் அகலம் வேறு, ரகரத்தின் அகலம் வேறு. நாம் இடைவெளி தட்டித் தட்டி நேராக்கிய நெடுவரிசை எடிட்டரின் கணக்கில் கோணலாகவே இருக்கும். செவ்வகமாகத் தேர்ந்தால் ஒரு வரியில் விலையும் அடுத்த வரியில் பீஸ் எண்ணிக்கையும் மாட்டும். டிக் இருந்தும் வசதி கைகொடுக்காத இடம் இது.

இங்கே கைகொடுப்பது மேக்ரோ. ஒரு வரியில் செய்ததைப் பதிவு செய்து வைத்துக்கொள்வது: வரித் தொடக்கத்துக்குப் போ, இரண்டாவது காற்புள்ளியைத் தேடு, விலையை மாற்று, அடுத்த வரிக்கு இறங்கு. பிறகு 'முந்நூறு தடவை செய்' என்று சொல்லிவிட வேண்டியதுதான். எழுத்தின் அகலத்தைப் பற்றி அதற்குக் கவலை கிடையாது, காற்புள்ளி எங்கே இருக்கிறது என்பதுதான் அதன் கணக்கு. விம்மிலும் ஈமேக்ஸிலும் இது பிறவிக் குணம்போல உள்ளே இருக்கிறது. டான் ஹோ 2003இல் வெளியிட்ட நோட்பேட் ப்ளஸ் ப்ளஸில் மெனுவிலேயே பதிவு பொத்தான் உண்டு. விஎஸ் கோடில் இது உள்ளமைந்ததாக வருவதில்லை, எக்ஸ்டென்ஷன் தேடிப் போக வேண்டும். 'பழைய சாமான்' என்று ஒதுக்கப்பட்ட மூன்று எடிட்டர்கள் நம் ஊர் வேலையில் முந்துகிற இடம் இது.

பழைய எடிட்டர்களைத் தூக்கிவைத்துப் பேசுவதும் என் நோக்கமில்லை. தமிழ்99 விசைப்பலகையை இயக்கிவிட்டு விம்மில் கட்டளை கொடுக்கப் பாருங்கள். விம்மின் கட்டளைகள் ஆங்கில எழுத்து விசைகளில் அமைந்தவை. விசை தமிழ் எழுத்தை அனுப்பினால் கட்டளை நடக்காது. வரியை அழிக்க நினைத்த ஒவ்வொரு முறையும் விசைப்பலகையை மாற்ற வேண்டியிருக்கும், இல்லையென்றால் விம்முக்குள்ளேயே விசை வரைபடம் ஒன்றை அமைத்துக்கொள்ள வேண்டும். பல டெர்மினல்களில் கொம்பும் காலும் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக்கொள்வதும் உண்மை. ஈமேக்ஸ் இதை வேறு விதமாகக் கையாள்கிறது. தமிழ்99 உள்ளீட்டு முறை அதற்குள்ளேயே இருப்பதால் எழுதுவது தமிழில் விழும், கட்டளைகள் வழக்கம்போல நடக்கும். உலக மொழிகளில் வணக்கம் சொல்லும் அதன் மாதிரிக் கோப்பில் தமிழ் வணக்கமும் இருக்கிறது. ஆனால் ஈமேக்ஸைப் பழகப் பொறுமை வேண்டும், அது எல்லாருக்கும் ஒத்துவராது. எதற்கும் இங்கே முழு மார்க் கிடையாது. ஒவ்வொன்றும் ஒரு வேலையில் வெல்கிறது, இன்னொரு வேலையில் தோற்கிறது. அந்த வெற்றி தோல்வியைத்தான் டிக் மறைத்துவிடுகிறது.

"தமிழ் விஷயம் சரி. கோடு எழுதும்போது ஆட்டோ கம்ப்ளீட், பிழை சுட்டுவது, வரையறைக்குத் தாவுவது, இதிலெல்லாம் விஎஸ் கோடை அடித்துக்கொள்ள முடியுமா?" என்பது அடுத்த வாதம். பத்து வருடங்களுக்கு முன்பு இது வலுவான வாதம். 2016இல் மைக்ரோசாஃப்ட் ரெட் ஹேட், கோட்என்வி நிறுவனங்களோடு சேர்ந்து லாங்குவேஜ் சர்வர் புரோட்டோகால் என்ற பொது நெறியை அறிவித்தது. அதன்படி ஒரு மொழியைப் புரிந்துகொள்ளும் அறிவு எடிட்டருக்கு வெளியே, தனி நிரலாக ஓடும். சி மொழிக்கு கிளாங்டி என்றால் விஎஸ் கோடும் கேட் எடிட்டரும் விம்மும் ஈமேக்ஸும் அதே கிளாங்டியிடம்தான் கேட்கின்றன. விம்மின் கிளையான நியோவிம் 2021இல் வந்த 0.5 பதிப்பிலேயே இதை உள்ளே வைத்துவிட்டது, ஈமேக்ஸ் 2023இல் வந்த 29ஆம் பதிப்பில் வைத்தது. ஒரே ஆளிடம் கேட்டு வாங்கிய பதிலுக்கு ஓர் எடிட்டருக்கு மட்டும் மார்க் போடுவது என்ன நியாயம்? ஏஐ உதவிக்கும் இதே பதில்தான். கிட்ஹப் கோபைலட்டுக்கு விம்மிலும் நியோவிம்மிலும் ஓடுகிற செருகி இருக்கிறது. விடை வருவது தொலைவிலுள்ள சர்வரிலிருந்து. இந்த நிலைமைக்கு வழிசெய்தது மைக்ரோசாஃப்ட்டே என்பதை நன்றியோடு சொல்கிறேன். ஆனால் அதன் விளைவாக, அட்டவணையில் பளிச்சென்று இருக்கிற பல வரிசைகள் இப்போது எடிட்டரின் சொத்தே இல்லை.

எடிட்டரின் சொத்தாக மிஞ்சுவது அது நம் மெஷினில் எப்படி ஓடுகிறது என்பது. இந்தப் பக்கம் பல வீடுகளில் முதல் கம்ப்யூட்டர் அரசு கொடுத்த விலையில்லா மடிக்கணினி. 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய திட்டம் அது. முதல் கட்ட மெஷின்களில் 2 ஜிபி ராம் இருந்தது. விண்டோஸோடு சீடாக்கின் பாஸ் லினக்ஸும் போட்டுக் கொடுத்தார்கள். அக்கா படித்து முடித்த மெஷின் தம்பிக்குக் கைமாறியது. விஎஸ் கோடு எலெக்ட்ரான் மேல் கட்டியது, அதாவது ஒரு குரோமியம் பிரவுசரையே உள்ளே சுமந்து வருகிறது. அதோடு நாலு எக்ஸ்டென்ஷன், ஒரு லாங்குவேஜ் சர்வர், பக்கத்தில் பிரவுசர் என்று திறந்தால் 2 ஜிபி மெஷின் திணறும். விண்டோஸ் 7க்கான ஆதரவு 2022இல் 1.70 பதிப்போடு நின்றது. 32 பிட் விண்டோஸுக்கான ஆதரவு 2023இல் 1.83 பதிப்போடு நின்றது. அந்த மெஷினிலும் நோட்பேட் ப்ளஸ் ப்ளஸ் சட்டென்று திறக்கும். லினக்ஸ் போட்டால் ஜியனி எடிட்டர் ஓடும், விம் ஓடும். 'விஎஸ் கோடு இல்லாமல் கற்க முடியாது' என்று ஒரு பயிற்சியாளர் சொல்லும்போது, புது மெஷின் வாங்க வழியில்லாத பிள்ளை தன்னால் முடியாது என்று நினைத்துவிடுகிறது. எனக்குக் கோபம் வருவது இங்கேதான். பைத்தான் கற்க ஒரு டெக்ஸ்ட் கோப்பும் கட்டளை வரியும் போதும். அதைச் சொல்லாமல் மறைப்பது அந்தப் பிள்ளைக்குச் செய்கிற அநியாயம்.

அடுத்தது ஆயுள். 2014இல் கிட்ஹப் ஆட்டம் என்ற எடிட்டரை வெளியிட்டது. எலெக்ட்ரான் அதற்காகப் பிறந்ததுதான். அன்றைய ஒப்பீடுகளில் அது டிக்குகளை அள்ளியது. 2018இல் கிட்ஹப்பை மைக்ரோசாஃப்ட் வாங்கியது. 2022 டிசம்பர் 15 அன்று ஆட்டத்தை மூட்டை கட்டிவிட்டார்கள். அதன் மூலநிரல் திறந்ததாக இருந்ததால் பல்சர் என்ற பெயரில் சிலர் தொடர்கிறார்கள், ஆனால் ஆட்டத்தை நம்பிப் பழகியவர்கள் பெரும்பாலும் வேறு இடம் தேடினார்கள். இன்னொரு பக்கம் பாருங்கள். விம்மை 1991இல் வெளியிட்டு 30 வருடத்துக்கு மேல் பேணிவந்த பிராம் மூலெனார் 2023 ஆகஸ்ட் 3 அன்று காலமானார். திட்டம் நிற்கவில்லை. பங்களித்துவந்தவர்கள் பொறுப்பேற்று, 2024 ஜனவரியில் 9.1 பதிப்பை அவருக்கே காணிக்கையாக்கி வெளியிட்டார்கள். 1984இல் தொடங்கிய குனு ஈமேக்ஸ் இன்றும் புதிய பதிப்புகளோடு நடமாடுகிறது. கையும் மூளையும் பழகிய கருவி எத்தனை நாள் நம்மோடு இருக்கும் என்பதைவிட முக்கியமான வசதி எது?

உரிமத்தையும் பார்க்க வேண்டும். விஎஸ் கோடின் மூலநிரல் எம்ஐடி உரிமத்தில் திறந்திருக்கிறது. நாம் இறக்கிக்கொள்கிற தயாரிப்பு மைக்ரோசாஃப்ட்டின் தனி உரிமத்தில் வருகிறது. பயன்பாட்டுத் தகவல் அனுப்பும் ஏற்பாடும் அதில் உண்டு, அணைக்காவிட்டால் ஓடும். அதன் எக்ஸ்டென்ஷன் சந்தையை மைக்ரோசாஃப்ட்டின் தயாரிப்புகளுக்கு மட்டுமே பயன்படுத்தலாம் என்பது விதிமுறை. அதனால்தான் திறந்த நிரலிலிருந்து கட்டிய விஎஸ்கோடியம் வேறு சந்தையை நாடுகிறது. இதனால் யாரும் விஎஸ் கோடைத் தொடக் கூடாது என்று நான் சொல்லவில்லை. தெரிந்து தொடட்டும். அட்டவணையில் 'இலவசம்' என்ற ஒரே டிக்குக்குள் இவ்வளவும் அடங்கிக் கிடக்கிறது.

கடைசியாக, எல்லாரும் நிறுத்தி நிதானமாகச் சொல்கிற வாதம்: "சென்னையிலயும் பெங்களூர்லயும் கம்பெனிக்காரன் விஎஸ் கோடுதான் கேட்கிறான்." பெரிய ஜாவாஸ்கிரிப்ட் திட்டம், 8 ஜிபி மெஷின், குழுவில் எல்லாரும் அதையே பயன்படுத்துகிறார்கள் என்றால் தயங்காமல் விஎஸ் கோடு எடுக்க வேண்டியதுதான். டைப்ஸ்கிரிப்ட் வேலைக்கு அதைவிடச் சுலபமான தொடக்கம் கிடையாது, டீபக்கரும் அருமை. ஆனால் கம்பெனி சம்பளம் கொடுப்பது வேலை தெரிந்தவனுக்கு. தீபாவளிக்கு இரண்டு நாள் முன்பு விலைப்பட்டியல் தளம் படுத்துவிட்டது என்று வையுங்கள். அந்தச் சர்வர் மாதவாடகைக்கு எடுத்த சின்ன லினக்ஸ் மெஷினாக இருக்கும். தொலைவிலிருந்து விஎஸ் கோடை அதில் இணைக்க வேண்டுமென்றால் அந்தப் பக்கத்திலும் ஒரு நிரல் இறங்கி ஓட வேண்டும். மெமரி பற்றாது, சிஸ்டம் பழையதாக இருந்தால் புதிய பதிப்பு ஏறவே ஏறாது. அங்கே இருக்கும் என்று நம்பக்கூடியவை விஐயும் நானோவும். பில் ஜாய் 1976இல் எழுதத் தொடங்கிய விஐ, யூனிக்ஸ் உலகத்தின் பாசிக்ஸ் தரநிலையிலேயே இடம்பெற்றது. ஒரு வரியைத் திருத்தி, சேமித்து, வெளியே வரத் தெரிந்தவன் ஐந்து நிமிடத்தில் தளத்தை எழுப்பிவிடுவான். தெரியாதவன் எல்லா டிக்கும் உள்ள எடிட்டரைத் திறந்து வைத்துக்கொண்டு யாரையாவது போனில் கூப்பிட வேண்டும்.

ஆகவே சொல்லித்தருகிறவர்களிடம் என் கோரிக்கை இது. ஒப்பீடு செய்யுங்கள், ஆனால் வேலையை வைத்துச் செய்யுங்கள். மாணவர்கள் கையில் ஒரு தமிழ் விலைப்பட்டியலைக் கொடுங்கள். பெயர்களை ரெகெக்ஸால் பிடிக்கச் சொல்லுங்கள். இரண்டு வடிவத்தில் சேமித்த ரோல் கேப்பைக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். விலையை மட்டும் வரிவரியாக மாற்றச் சொல்லுங்கள். அதையே வகுப்பில் உள்ள பழைய மெஷினிலும், தொலைவிலுள்ள ஒரு சர்வரிலும் செய்யச் சொல்லுங்கள். மூன்று எடிட்டர்களிலாவது செய்து பார்த்த பிறகு அவரவர் தேர்ந்துகொள்ளட்டும். சிலர் விஎஸ் கோடையே எடுப்பார்கள். அப்படி எடுத்தால் அது எங்கே சறுக்கும் என்று தெரிந்து எடுத்திருப்பார்கள், சறுக்குகிற இடத்தில் வேறு கருவியை எடுக்கத் தயங்க மாட்டார்கள்.

தமிழுக்கான வரிசை இல்லாத அட்டவணைகளை யாரோ எங்கோ தங்கள் வேலைக்காகப் போட்டார்கள். அது அவர்கள் தவறில்லை. அதை அப்படியே நம் பிள்ளைகளிடம் நீட்டி 'இதுதான் முடிவு' என்று சொல்வது நம் தவறு. விலைப்பட்டியலும் அச்சுமேட்டரும் தமிழில் ஓடுகிற இந்த வட்டாரத்தில் நமக்கான ஒப்பீட்டை நாமேதான் செய்ய வேண்டும். அதற்கு வேண்டிய கோப்புகள் நம் கடைகளிலும் அச்சகங்களிலும் குவிந்து கிடக்கின்றன.